சதவீதம் சரி, எதன் மேல்?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். கம்பெனி 30 சதவீத இடைக்கால டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை) அறிவிப்பது வழக்கம். 2023 ஜூனில், இந்தியாவில் முதன்முதலாக ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட பங்கு அது. லட்ச ரூபாய்க்கு 30 சதவீதம் என்றால் முப்பதாயிரம் வரும் என்று கணக்குப் போட்டால், வங்கிக் கணக்கில் வந்து விழுவது 3 ரூபாய். ஒவ்வொரு முறையும் இதை வைத்து மீம்ஸ் ஓடும். கம்பெனி சொன்னதில் தப்பே கிடையாது. டிவிடெண்ட் சதவீதம் எப்போதும் முகமதிப்பின் மேல்தான், அதாவது சந்தை விலை எதுவானாலும் பங்குக்குக் கம்பெனி குறித்து வைத்த மதிப்பின் மேல். எம்.ஆர்.எஃப். பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். பத்து ரூபாயில் 30 சதவீதம், 3 ரூபாய்.

பணம் சம்பந்தப்பட்ட சொற்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும். சொல்லுக்கு அர்த்தம் தேடிக் கண்டுபிடித்துவிடுவோம். கூடவே வரும் சதவீதம் எதன் மேல் போட்டது என்று மட்டும் கேட்க மாட்டோம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அடிக்கடி கண்ணில் படும் சொற்களைப் பார்த்துவிடலாம்.

எம்.ஆர்.எஃப்.பையே இன்னும் கொஞ்சம் கிளறுவோம். 2023-24 நிதியாண்டுக்கு இரண்டு முறை 3 ரூபாய், கடைசியில் 194 ரூபாய், ஆக மொத்தம் 200 ரூபாய் கொடுத்தார்கள். முகமதிப்பின் மேல் பார்த்தால் 2000 சதவீதம்! பங்கு விலையை 1,25,000 என்று வைத்து, போட்ட காசின் மேல் பார்த்தால் 0.16 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் டிவிடெண்ட் ஈல்டு என்று பெயர். முதலீட்டாளருக்கு வேண்டியது அது மட்டுமே. செய்தியில் "500 சதவீத டிவிடெண்ட்" என்று பார்த்தால் முதலில் முகமதிப்பைத் தேடுங்கள். 2 ரூபாய் முகமதிப்புள்ள பங்கென்றால் பத்து ரூபாய். அந்தப் பத்தைச் சந்தை விலையால் வகுத்தால்தான் கதை தெரியும்.

டிவிடெண்டுக்காகவே பங்கு வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் எக்ஸ்-டேட், அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி+1 செட்டில்மென்ட் வந்துவிட்டது. இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளில் டீமேட்டில் (பங்குகள் இருக்கும் மின்கணக்கில்) ஏறும். அதனால் இப்போது எக்ஸ்-டேட்டும் ரெக்கார்டு டேட்டும் (பங்குதாரர் யார் என்று கம்பெனி பட்டியல் எடுக்கும் நாள்) பெரும்பாலும் ஒரே நாள்தான். அன்றைக்கு வாங்கினால் டிவிடெண்ட் கிடையாது, முந்தைய வர்த்தக நாளே வாங்கியிருக்க வேண்டும். சரி, முந்தைய நாளே வாங்கிவிட்டால் லாபமா? எக்ஸ்-டேட் காலையில் விலை ஏறத்தாழ டிவிடெண்ட் அளவுக்குக் குறைந்துதான் திறக்கும். டிவிடெண்டுக்கு உங்கள் வருமான வரம்புப்படி வரியும் உண்டு. வலது பாக்கெட்டில் இருந்ததை இடது பாக்கெட்டுக்கு மாற்றி, போகிற வழியில் வரி கட்டியதுதான் மிச்சம்.

முகமதிப்பு உதவுகிற இன்னொரு இடம் ஸ்ப்ளிட், போனஸ் இரண்டையும் பிரித்து அறிவது. நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. ஒன்று பத்தானது, விலை பத்தில் ஒன்றானது. இது ஸ்ப்ளிட். அதே ஆண்டு அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசமாகக் கொடுத்தது. விலை பாதியானது, முகமதிப்பு பத்து ரூபாயாகவே நின்றது. இரண்டிலும் உங்கள் சொத்து ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனால் போனஸுக்குப் பிறகு கம்பெனி மொத்தமாக அதே தொகையை டிவிடெண்டாகக் கொடுத்தாலும் சதவீதம் பாதியாகத் தெரியும். "டிவிடெண்டைக் குறைச்சிட்டான்" என்று புலம்பல் கிளம்பும். போனஸ் எக்ஸ்-டேட் அன்று ஆப்பைத் திறந்தால் பாதிப் பணம் போனதுபோல் சிவப்பாகக் காட்டுவதும் இதனால்தான். விலை இறங்கிவிட்டது, புதுப் பங்குகள் இன்னும் கணக்கில் ஏறவில்லை. பதறி விற்றுவிடாதீர்கள்.

பங்கு விலையை வைத்துக் கம்பெனியின் அளவை எடை போடுவதும் இதே குடும்பத்துத் தப்பு. எம்.ஆர்.எஃப்.பின் மொத்தப் பங்குகள் 42.41 லட்சம்தான். 1,25,000 ரூபாய் விலையில் சந்தை மதிப்பு சுமார் 53,000 கோடி. ரிலையன்ஸின் பங்குகளோ 1,353 கோடி. 1,300 ரூபாய் விலை என்றாலே மதிப்பு பதினேழரை லட்சம் கோடியைத் தாண்டும்.

வங்கிப் பக்கம் வருவோம். "வருடாந்திர ஈல்டு 8.30 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கும், கீழே பொடி எழுத்தில் "5 ஆண்டு, 7 சதவீதம்". காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி போட்டால் ஒரு லட்சம் ஐந்து ஆண்டில் 1,41,478 ஆகும். வட்டி 41,478. அதை ஐந்தால் வகுத்து, முதலில் போட்ட ஒரு லட்சத்தின் மேல் சதவீதமாக்கினால் 8.30 வருகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்தே உங்கள் பணம் ஒரு லட்சம் இல்லை, வட்டியும் சேர்ந்து வளர்ந்த தொகை. அந்தந்த ஆண்டு இருந்த பணத்தின் மேல் பார்த்தால் 7.19 சதவீதம்தான். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது பலகையைப் பார்க்காமல், இன்று ஒரு லட்சம் போட்டால் முதிர்வில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலம் ஒன்றாக இருந்தால் முதிர்வுத் தொகை ஏமாற்றாது.

கடன் பத்திரத்தில் கூப்பன் என்பது முகமதிப்பின் மேலான வட்டி. ஆயிரம் ரூபாய் முகமதிப்பு, 9 சதவீதக் கூப்பன் என்றால் ஆண்டுக்கு 90 ரூபாய். அதையே சந்தையில் 1,050 கொடுத்து வாங்கினால் 8.57 சதவீதமாகிறது. இன்னும் இரண்டே ஆண்டில் முதிர்கிறது என்றால் அதுவும் இல்லை. முதிர்வில் கைக்கு வருவது ஆயிரம்தான், கூடுதலாகக் கொடுத்த 50 ரூபாய் காலி. அதையும் கணக்கில் சேர்த்தால் 6.26 சதவீதம். இதுதான் முதிர்வு ஈல்டு, ஒய்டிஎம் என்று போடுவார்கள். விற்பவர் வாயில் கூப்பன்தான் முதலில் வரும்.

நாம் வாங்கும் கடனில் இந்தக் கேள்விக்கு விலை இன்னும் அதிகம். நம்மூரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆள் "ஃபிளாட் 10 சதவீதம்" என்று கேட்டால் மலிவு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒரு லட்சம், 3 ஆண்டு, ஃபிளாட் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 30,000. அசலையும் சேர்த்து 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611. இதில் கோளாறு என்னவென்றால், பாதிக் காலத்திலேயே அசலில் கணிசமான பங்கைத் திருப்பிக் கட்டியிருப்பீர்கள். வட்டி மட்டும் முழு லட்சத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்துகொண்டே வரும் நிலுவையின் மேல் உண்மையாகவே 10 சதவீதம் போட்டிருந்தால் தவணை 3,227, மொத்த வட்டி 16,162 தான். 3,611 தவணை என்பது நிலுவை மேல் 17.9 சதவீதத்துக்குச் சமம்.

அதோடு முடியாது. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 2,360 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 97,640 கொடுப்பார்கள். தவணை அதே 3,611. கைக்கு வந்த பணத்தின் மேல் கணக்கிட்டால் 19.6 சதவீதம். இதற்கு ஏபிஆர் என்று பெயர். 2024 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கும் தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும் முக்கிய விவரத் தாளில் ஏபிஆரைக் காட்டியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள். அதில் மற்றதெல்லாம் அப்புறம், ஏபிஆரை முதலில் பாருங்கள்.

தண்டல் கணக்கு இதைவிடக் கொடூரம். பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்து 8,500 கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூல். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே, 15 சதவீதம்" என்பார்கள். அது முழு ஆண்டுக்கு இல்லை, 100 நாளுக்கு. கொடுத்ததும் பத்தாயிரம் இல்லை. நிலுவையோ நாளுக்கு நாள் குறைகிறது. மூன்றையும் சேர்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

நகைக்கடைச் சேதாரமும் இதே ரகம்தான். கணக்குக்குச் சுலபமாக ஒரு கிராம் பத்தாயிரம் என்று வைத்தால் ஒரு பவுன் 80,000. சேதாரம் 12 சதவீதம் என்பது எடையின் மேல், அதாவது 0.96 கிராம், விலை 9,600. இரண்டையும் கூட்டி அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,688. மொத்தம் 92,288. மறுநாள் விற்கப் போனால் எடைக்குத்தான் காசு. தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். போட்டுக்கொள்ள வாங்குகிறீர்களா, சந்தோஷமாக வாங்குங்கள். முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இனி டிரேடிங். அதிகம் பேர் அதிகம் இழக்கும் இடம், அதனால் நிதானமாகவே பார்க்கலாம்.

இன்ட்ராடே என்பது அன்றே வாங்கி அன்றே விற்பது. மார்ஜின் என்பது அதற்கு உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பணம். 2021 செப்டம்பரிலிருந்து, பங்கு வாங்கும் மொத்தத் தொகையில் குறைந்தது 20 சதவீதமாவது முன்கூட்டி இருக்க வேண்டும். எனவே அதிகபட்சம் ஐந்து மடங்கு. 20,000 ரூபாய் வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு வாங்கலாம். 200 ரூபாய் பங்கில் 500 வாங்கி 200.40-க்கு விற்றால் 200 ரூபாய் லாபம். உங்கள் இருபதாயிரத்தின் மேல் ஒரு சதவீதம். "தினம் ஒரு பர்சென்ட்" என்று வீடியோக்களில் கூவுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதே ஆர்டரின் கான்ட்ராக்ட் நோட்டை, அதாவது புரோக்கர் அனுப்பும் பில்லை எடுங்கள். புரோக்கரேஜ் வாங்க 20, விற்க 20 ரூபாய் என்று 40. எஸ்டிடி (பங்கு வர்த்தக வரி), விற்ற தொகையின் மேல் 0.025 சதவீதம், 25 ரூபாய். முத்திரைத் தீர்வை, வாங்கிய தொகையின் மேல் 0.003 சதவீதம், 3 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், வாங்கியது விற்றது இரண்டின் மேலும் 0.00297 சதவீதம், கிட்டத்தட்ட 6 ரூபாய். சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் கட்டணம் 20 பைசா. புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச், செபி மூன்றின் மேலும் ஜிஎஸ்டி 8.30. கூட்டினால் 82 ரூபாய் 50 காசு. இருநூறில் 117 தான் மிச்சம்.

இந்த வரிகளில் ஒன்றுகூட லாபத்தின் மேல் போட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். புரோக்கரேஜ் ஆர்டருக்கு இவ்வளவு என்று, ஜிஎஸ்டி கட்டணங்களின் மேல், மற்றதெல்லாம் புரண்ட தொகையின் மேல். நீங்கள் தோற்றாலும் 82.50 உண்டு. பங்கு 16 அல்லது 17 காசு ஏறினால்தான் சமம். கட்டணம் ஒரு லட்சத்தின் மேல் 0.08 சதவீதம்தான், பார்க்கக் கொசுறு மாதிரித் தெரியும். உங்கள் சொந்தக் காசான இருபதாயிரத்தின் மேல் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 0.41 சதவீதம். நாளைக்கு ஐந்து சுற்று ஆடினால் 2 சதவீதம். முதலைத் தின்பதற்குச் சந்தை இறங்கவே வேண்டாம். அன்றே விற்காமல் டெலிவரி எடுத்தால் எஸ்டிடி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், முத்திரைத் தீர்வை 0.015. இன்ட்ராடேயைவிட அதிகம்தான், ஆனால் தினம் ஐந்து முறை கட்ட மாட்டோமே.

நஷ்டம் ஒரு அளவைத் தொட்டதும் விற்கச் சொல்லி வைக்கும் ஸ்டாப்-லாஸிலும் அதே கேள்வி. "5 சதவீத ஸ்டாப்-லாஸ் வைத்திருக்கிறேன்" என்றால் பங்கு விலையின் மேல் 5. ஐந்து மடங்கு மார்ஜினில் அது சொந்தப் பணத்தில் 25. ஒவ்வொரு முறையும் மிஞ்சியதை வைத்து ஐந்து மடங்கு ஆடினால், நாலு முறை அடிபட்டதும் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இன்னொரு கண்ணி ஆர்டர் வகையில் இருக்கிறது. எஸ்.எல். ஆர்டரில் டிரிக்கர் (ஆர்டரை உசுப்பும் விலை) 190, லிமிட் (அதற்குக் கீழே விற்காத விலை) 189.50 என்று வைத்திருக்கிறீர்கள். ஏதோ செய்தி வந்து விலை 190.50-லிருந்து ஒரே தாவாக 185-க்குப் போகிறது. டிரிக்கர் அடிக்கும், ஆர்டர் உள்ளே போகும், 189.50-க்கு வாங்க ஆள் இருக்காது. ஆர்டர் அப்படியே தொங்கும், விலை 180-க்கும் போகும். லிமிட் இல்லாத எஸ்.எல்.-எம். என்றால் கிடைத்த விலைக்கு விற்றுவிடும், ஆனால் அது 185 ஆகவும் இருக்கலாம், 183 ஆகவும் இருக்கலாம். நஷ்டத்தை ஒரு எண்ணில் நிறுத்தும் உத்தரவாதம் இரண்டிலும் கிடையாது. வெளியே வருவதுதான் முக்கியமென்றால் எஸ்.எல்.-எம். தேவலை. லிமிட் வைத்தே ஆக வேண்டுமென்றால் டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

சர்க்கியூட் என்பது ஒரு நாளில் விலை போகக்கூடிய எல்லை, 2, 5, 10, 20 சதவீதம் என்று பங்குக்குப் பங்கு மாறும். இது முந்தைய நாள் முடிவு விலையின் மேல். அதனால் தொடர்ந்து பத்து நாள் 5 சதவீத லோயர் சர்க்கியூட் (கீழ் எல்லை) அடித்தால் 50 சதவீதம் போகாது, 40 சதவீதம் போகும். அது பெரிய ஆறுதல் இல்லை, ஏனென்றால் அந்தப் பத்து நாளும் விற்க முடியாது. வரிசையில் விற்பவர் மட்டும்தான் நிற்பார். இன்ட்ராடேயில் முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கலாம் என்று இருப்பவர் அப்பர் சர்க்கியூட்டில் (மேல் எல்லையில்) மாட்டினால் இன்னும் மோசம். வாங்கக் கிடைக்காது, மறுநாள் கொடுக்கக் கையில் பங்கு இருக்காது, எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக்கொடுத்துவிட்டு அந்த விலையை உங்கள் தலையில் கட்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் இரண்டே சொல் பார்க்கலாம். செலவு விகிதம் லாபத்தின் மேல் இல்லை, ஃபண்டில் இருக்கும் உங்கள் முழுப் பணத்தின் மேல், ஆண்டுதோறும். தனியாகப் பிடிக்க மாட்டார்கள், தினமும் என்ஏவியிலேயே (ஒரு யூனிட்டின் விலையிலேயே) கழித்துவிடுவார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாது. மாதம் 10,000 எஸ்ஐபி, 20 ஆண்டு, 12 சதவீதம் என்று வைத்தால் 99.9 லட்சம். நேரடியாக வாங்கும் டைரக்டுக்குப் பதில் முகவர் கமிஷன் உள்ள ரெகுலர் திட்டத்தில் போய் ஒரு சதவீதம் குறைந்து 11 ஆனால் 87.4 லட்சம். போட்டது 24 லட்சம், அந்த ஒரு சதவீதம் விழுங்கியது பன்னிரண்டரை லட்சம்.

அடுத்தது எக்ஸ்ஐஆர்ஆர், ஒவ்வொரு தவணையும் இருந்த காலத்தைப் பார்த்துப் போடும் ஆண்டு வருமான விகிதம். ஓராண்டு எஸ்ஐபியில் 1,20,000 போட்டு 1,27,000 ஆகியிருந்தால் 5.8 சதவீதம், எஃப்டியே தேவலை என்று தோன்றும். முதல் பத்தாயிரம் 12 மாதம் இருந்தது, கடைசிப் பத்தாயிரம் ஒரே மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் இருந்ததோ அதை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 11 சதவீதத்தை ஒட்டி வருகிறது. தலைகீழாகவும் ஏமாற்றும். போட்டு ஒரு மாதத்தில் 3 சதவீதம் ஏறியிருந்தால் எக்ஸ்ஐஆர்ஆர் 42 சதவீதத்துக்கு மேல் காட்டும். அதே வேகத்தில் ஆண்டு முழுக்க ஓடும் என்று அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஓராண்டு ஆகும்வரை அந்த எண்ணைப் பார்க்காமல் இருப்பது உத்தமம்.

பி.இ. விகிதத்தில் (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தது) சதவீதம் இல்லை, கேள்வி அதேதான். விலையை எந்த லாபத்தால் வகுத்தார்கள்? 50 பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டியின் பி.இ.யை, தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ வெகுகாலமாகக் கம்பெனிகளின் தனி லாபத்தை வைத்துக் கணக்கிட்டது. 2021 மார்ச் இறுதியில் துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியது. 40 பக்கம் இருந்த பி.இ. ஒரே நாளில் 33 பக்கம் வந்துவிட்டது. சந்தை இறங்கவில்லை, வகுக்கும் எண் மாறியது. இன்றும் 2015-லிருந்து இன்றுவரை ஒரே கோடாக வரைந்து, "பி.இ. சராசரிக்குக் கீழே, வாங்கலாம்" என்று பகிரும் படங்களில் அந்த ஒட்டு தெரிவதே இல்லை. தனிப் பங்குகளிலும் இதே தொல்லை உண்டு. ஒரு தளத்தில் பி.இ. 18, இன்னொன்றில் 27 என்று இருந்தால், ஒன்று தனி லாபத்தில், மற்றது ஒருங்கிணைந்த லாபத்தில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் இல்லையென்றால் அந்த ஆண்டு நிலத்தையோ துணை நிறுவனத்தையோ விற்று வந்த ஒருமுறை லாபம் உள்ளே கலந்திருக்கும். காலாண்டு முடிவில் "விதிவிலக்கான இனங்கள்" என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த பங்கு பல சமயம் அந்த ஒரு வரியில் விலை உயர்ந்துவிடும்.